வழுவா, வழக்கமா?

பைத்தான் மொழியில் பல ஆண்டுகள் நள்ளிரவு பொய்யாக இருந்தது.

விஷயம் இதுதான். பைத்தானில் எந்தப் பொருளையும் மெய்யா பொய்யா என்று சோதிக்கலாம். பூஜ்யம் பொய். காலிப் பட்டியல் பொய். உள்ளே ஏதாவது இருந்தால் மெய். அதனால் ‘நேரம் குறித்திருக்கிறதா’ என்று கேட்க வேண்டிய இடத்தில் நிரலர்கள் சுருக்கமாக ‘நேரம் மெய்யா’ என்று எழுதிவிடுவார்கள். காலை ஏழு மணிக்கு அலாரம் வைத்தவருக்கு மணி அடிக்கும். நள்ளிரவு பன்னிரண்டுக்கு வைத்தவருக்கு அடிக்காது. பூஜ்ய மணி, பூஜ்ய நிமிடம், ஆக மொத்தம் பூஜ்யம், ஆகவே பொய், ஆகவே நேரமே குறிக்கப்படவில்லை!

2012 பிப்ரவரியில் 13936 என்ற எண்ணில் இது வழுவாகப் பதிவானது. ‘வழு இல்லை’ என்று மூடினார்கள். சொன்ன காரணத்தில் பொய் இல்லை. அப்படித்தான் நடக்கும் என்று ஆவணத்தில் எழுதியிருந்தது, நடந்ததும் அப்படித்தான். பிறகென்ன வழு?

விதியின் முழு வடிவம் இன்னும் வேடிக்கை. நேர மண்டலம் சேர்த்துக் குறித்த நேரமாக இருந்தால், உலகப் பொது நேரத்துக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கழித்து, மிச்சம் பூஜ்யமா என்று பார்ப்பார்கள். இந்திய நேரம் ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. ஆகவே நம் ஊர்க் கணக்கில் பொய்யான நேரம் விடியற்காலை ஐந்தரை. மார்கழியில் பாதித் தெரு எழுந்து கோலம் போட்டு முடித்திருக்கும் நேரம். நியூயார்க்கின் வித்தியாசம் எதிர்மறை எண். கழிக்கக் கழிக்கக் கூடும். பூஜ்யம் வரவே வராது. அந்த ஊரில் பொய்யான நேரமே கிடையாது.

2014-இல் வழக்கு மறுபடி திறந்தது. இம்முறை வாதம் வேறு. ஆவணம் என்ன சொல்கிறது என்பதோடு பேச்சு நிற்கவில்லை. ‘இந்த நடத்தையால் பயன்பெறும் நிரல் ஒன்றாவது இருக்கிறதா? நள்ளிரவை மட்டும் தனியே பிடிக்க இந்த வழியை வேண்டுமென்றே யார் எழுதுவார்கள்?’ என்று கேட்டார்கள். அறிக்கையின் தலைப்பும் மாற்றக் கோரிக்கையாகத் திருத்தப்பட்டது. அதுவரை கட்டிக்காத்த ‘வழு இல்லை’ என்ற தீர்ப்பை யாரும் விழுங்க வேண்டியிருக்கவில்லை. வழு இல்லைதான், ஆனாலும் மாற்றலாம். 2015 செப்டம்பரில் வந்த பைத்தான் 3.5-இல் நள்ளிரவு மெய்யானது. பழைய நடத்தை புரியாததாகவும் தவறுக்கு இடம் கொடுப்பதாகவும் இருந்தது என்று அதே ஆவணத்தில் இப்போது ஒரு குறிப்பு இருக்கிறது. பைத்தான் 2 வரிசையில் மட்டும் கடைசிவரை தொடவில்லை.

*

வழு அறிக்கைகளில் எனக்குப் பிடித்த வகை இது. நடந்ததைப் பற்றி இரு தரப்புக்கும் சண்டையே இல்லை. அலாரம் அடிக்கவில்லை என்று இருவரும் ஒப்புக்கொள்கிறார்கள். அதற்கு என்ன பெயர் வைப்பது என்பதில்தான் தகராறு. பெயரை வைத்துத்தான் யார் தலையில் வேலை விழும் என்பது முடிவாகும். அதனால்தான் அவ்வளவு சூடு.

*

நம் ஐடி அலுவலகங்களிலும் தினமும் இது நடக்கிறது. டெஸ்டிங் ஆள் பக் என்பார், டெவலப்பர் ஃபீச்சர் என்பார், நடுவில் ஒரு மேனேஜர் ரிலீஸ் தேதியைப் பார்த்துத் தீர்ப்பு சொல்வார். திறமூலத்தில் அந்த மேனேஜர் இல்லை. சம்பளமும் பெரும்பாலும் இல்லை. இருப்பது ஒரு பராமரிப்பாளர், அவருடைய ஞாயிற்றுக்கிழமை மாலை, அவருக்கு முன்னே வரிசை கட்டி நிற்கும் டிக்கெட்டுகள்.

*

பக்சில்லா என்ற வழுப் பதிவு அமைப்பில் ஒரு வழுவை மூட முத்திரைகள் உண்டு. சரிசெய்தாயிற்று, செல்லாது, சரிசெய்யப்போவதில்லை, ஏற்கெனவே உள்ளதன் நகல், ‘எனக்கு வேலை செய்கிறது’. இவற்றில் மிக மோசமானது ‘செல்லாது’. ‘சரிசெய்யப்போவதில்லை’ என்பது ஒரு முடிவு. காரணம் கேட்கலாம், கோபப்படலாம். ‘செல்லாது’ என்பது, நீ பார்த்ததே இல்லை என்று சொல்வதுபோலப் படிப்பவர் காதில் விழுகிறது. சொன்னவர் மனதில் அது இல்லாமல் இருக்கலாம். விழுவது அப்படித்தான்.

ஜிசிசி தொகுப்பானின் 30475-ஆம் வழுவை எடுத்துக்கொள்வோம். 2007 ஜனவரி. ஒருவர் தன் நிரலில் ஒரு பாதுகாப்புச் சோதனை வைத்திருந்தார்: ஓர் எண்ணுடன் நூறைக் கூட்டினால் அது பழைய எண்ணைவிடப் பெரிதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் எண் அளவு மீறிச் சுற்றிவிட்டது, நிறுத்து. ஜிசிசி அந்தச் சோதனையையே தூக்கிவிட்டது. ஏனென்றால் சி மொழித் தரநிலைப்படி குறியுள்ள முழு எண் அளவு மீறினால் என்ன ஆகும் என்பதற்கு வரையறையே இல்லை. வரையறை இல்லாதது நடக்காது என்று தொகுப்பான் எடுத்துக்கொள்ளலாம். நடக்காது என்றால் சோதனை எதற்கு?

தரநிலைப்படி தொகுப்பான் பக்கம்தான் நியாயம். முத்திரை: செல்லாது. அடுத்தது மறுதிறப்பு, மறுமூடல், ஏச்சு. அந்த உரையாடலை இன்று படித்தால் இரு பக்கமும் ஒருவர் சொன்னதை மற்றவர் காதில் வாங்கவே இல்லை என்று தெரிகிறது. ஒருவர் ‘என் நிரலுக்கு ஆபத்து’ என்கிறார், மற்றவர் ‘உன் நிரலே சி மொழி இல்லை’ என்கிறார்.

உருப்படியான வேலை முத்திரைக்கு வெளியே நடந்தது. பழையபடி சுற்றிவரும் எண் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு தேர்வுக் கொடி ஏற்கெனவே இருந்தது. இப்படிப்பட்ட இடங்களில் எச்சரிக்கும் வசதியும் 4.2 பதிப்பில் சேர்ந்தது. லினக்ஸ் கெர்னல், இந்த மேம்படுத்தல் எனக்கு வேண்டாம் என்ற கொடியோடுதான் தொகுக்கப்படுகிறது. அந்தத் தேர்வுக் கொடியை முதல் பதிலில் பெயர் மட்டும் சொல்லிவிட்டுப் போகாமல், மரியாதையாக இரண்டு வரி விளக்கியிருந்தால் முக்கால்வாசிச் சண்டை மிச்சமாகியிருக்கும் என்பது என் கணிப்பு.

*

ஜிசிசி 323. இதன் மூன்றிலக்க எண்ணைப் பார்த்தாலே வயது தெரியும், 2000-இல் பதிந்தது. தசம எண்களைக் கணக்கிட்டு ஒப்பிட்டால், ஒரே கணக்கு ஒருமுறை சமம் என்கிறது, மேம்படுத்தலை இயக்கினால் சமமில்லை என்கிறது. பழைய இன்டெல் சிப்பின் கணக்குப் பகுதி 80 பிட் அகலத்தில் வேலை செய்கிறது. நினைவகத்துக்கு எழுதும்போது 64 பிட்டாகக் குறைகிறது. எது எப்போது எழுதப்படும் என்பது தொகுப்பானின் இஷ்டம். இதன் நகல் என்று மூடப்பட்ட அறிக்கைகள் ஏராளம். ‘மிதவைப் புள்ளி எண் என்றாலே அப்படித்தான்’ என்ற பதிலும் அதே அளவு ஏராளம்.

சி மொழிக்கு ஒழுங்கான தீர்வு 2010-இல், ஜிசிசி 4.5-இல் வந்தது. சி++ மொழிக்கு 2023 வரை ஆயிற்று. அதற்குள் எல்லோரும் 64 பிட் கணினிக்கு வந்துவிட்டார்கள், அங்கே வேறு கணக்குப் பகுதி, சிக்கலே இல்லை. வாதத்தில் யாரும் ஜெயிக்கவில்லை. வன்பொருள் பழசாகிப்போனது.

(ஒரே புகார் திரும்பத் திரும்ப வருகிறதென்றால், அதைச் சொல்பவர்கள் எல்லோரும் அறியாதவர்கள் என்று முடிவு கட்டுவது எளிது. ஆவணம் வைக்கக்கூடாத இடத்தில் இருக்கிறது என்பதற்கும் அதே சான்று போதும்.)

*

இனி மெம்காப்பி.

2010 இறுதியில் ஃபெடோரா 14 நிறுவியவர்களுக்கு ஃப்ளாஷ் வழியாகக் கேட்ட பாட்டெல்லாம் கரகரத்தது. காரணம் ஒலி இயக்கியில் இல்லை, ஜிலிப்சி நூலகத்தில். நினைவகத்தின் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகலெடுக்கும் மெம்காப்பி என்ற பணியை, புதிய சிப்களில் வேகமாக ஓடவேண்டும் என்பதற்காகப் பின்னாலிருந்து முன்னால் நகலெடுக்கும்படி மாற்றியிருந்தார்கள். எடுக்கும் இடமும் வைக்கும் இடமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாதவரை இதில் வேறுபாடு தெரியாது. ஏறுமானால் மெம்காப்பியைப் பயன்படுத்தக் கூடாது, மெம்மூவ் என்று வேறொன்று இருக்கிறது என்பது தரநிலை. அடோபி நிறுவனத்தின் ஃப்ளாஷ் அந்த விதியை மீறியிருந்தது. முன்னாலிருந்து நகலெடுத்த காலத்தில் அது அதிர்ஷ்டவசமாகத் தப்பித்துக்கொண்டிருந்தது.

நூலகத்துக்காரர்கள்: தவறு ஃப்ளாஷில், அங்கே போய்ச் சொல்லுங்கள். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் தானே இதைப் பற்றிய வழு அறிக்கைக்குள் இறங்கினார். எங்கே உடைகிறது என்று தானே தேடிக் கண்டுபிடித்தார், தற்காலிகமாகத் தாண்டிப்போக ஒரு சிறு நிரலும் எழுதிப் போட்டார். அவருடைய வாதத்தின் சாரம்: சாதாரணப் பயனருக்கு நேற்று கேட்ட பாட்டு இன்று கேட்கவில்லை, அவ்வளவுதான்; மெம்காப்பியையும் மெம்மூவையும் ஒரேமாதிரி நடக்கவைப்பதில் யாருக்கும் பெரிய நஷ்டமும் இல்லை.

இரண்டு வயல்களுக்கு நடுவே வரப்பு எங்கே என்று இருவருக்கும் தெரியும். ஆனால் ஒருவர் பத்து வருடமாகக் குறுக்கே நடந்து தடமாகிவிட்டது. பத்திரப்படி வேலி போட்டவர் மேல் சட்டப்படி குற்றமில்லை. ஊர் அவரைத்தான் திட்டும்.

தீர்வு 2011-இல் ஜிலிப்சி 2.14-இல் வந்தது, எனக்கு இதில் பெரிய மதிப்பு. மெம்காப்பிக்கு இரண்டு பதிப்பு. பழைய நிரல்கள் பழைய பெயர்ப் பதிப்பைத் தேடிவரும். அவற்றுக்கு மெம்மூவின் நடத்தை. இலக்கணக்காரர்கள் வழுவமைதி என்று விட்டுக்கொடுப்பதைப்போல. புதிதாகத் தொகுக்கப்படும் நிரல்களுக்கு வேகமான, கண்டிப்பான பதிப்பு. தரநிலையும் தப்பவில்லை, பாட்டும் கேட்டது. இதற்கும் ஒரு விலை உண்டு. புதிய கணினியில் தொகுத்த நிரலைப் பழைய செர்வரில் ஓட்டியவர்கள் ‘ஜிலிப்சி 2.14 கிடைக்கவில்லை’ என்ற பிழைச் செய்தியைப் பார்த்துத் தலையைப் பிய்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்களில் பலரைச் சிக்கவைத்தது இந்த மெம்காப்பிதான்.

*

கெர்னலில் இதற்கு எழுதாத சட்டம் உண்டு: பயனர் நிரல் உடைந்தால் தவறு கெர்னலுடையது. 2012 டிசம்பரில் டோர்வால்ட்ஸ் ஒரு மூத்த பராமரிப்பாளரிடம் இதைப் பெரிய எழுத்துகளில் கத்தி எழுதியது பிரசித்தம். சட்டம் நல்ல சட்டம். கத்தலைத்தான் பலர் பாடமாக எடுத்துக்கொண்டார்கள், அது கெட்டது.

*

எக்ஸ்ட்4 கோப்பு முறைமை, 2009. உபுண்டுவின் சோதனைப் பதிப்பில் கணினி திடீரென்று நின்றுபோய், மறுபடி எழுந்தபோது சற்றுமுன் எழுதிய கோப்புகள் பூஜ்ய அளவில் கிடந்தன. லான்ச்பேட் வழுப் பதிவேட்டில் இது 317781-ஆம் வழு. எக்ஸ்ட்4-இன் முதன்மை நிரலர் தியோடர் சோ பொறுமையாக விளக்கினார்: எக்ஸ்ட்3 சுமார் ஐந்து நொடிக்கொருமுறை வட்டில் எழுதிவந்தது, எக்ஸ்ட்4 இன்னும் தாமதித்து எழுதுகிறது, அதில்தான் வேகம். தரவு பத்திரமாக வேண்டுமென்றால் எஃப்சிங்க் என்று கேட்டு எழுதவைப்பது நிரலின் பொறுப்பு. போசிக்ஸ் தரநிலை அதைத்தான் சொல்கிறது.

சரி, நிரல்கள் ஏன் எஃப்சிங்க் கேட்கவில்லை? எக்ஸ்ட்3-இல் அது பயங்கர மந்தம். 2008-இல் ஃபயர்ஃபாக்ஸ் 3 ஒழுங்காக எஃப்சிங்க் கேட்டு, அதனாலேயே கணினி உறைகிறது என்று வசை வாங்கியது. கேட்டால் மந்தம் என்று திட்டு, கேட்காவிட்டால் தரவு போச்சு என்று திட்டு.

சோ செய்தது எனக்குப் பிடித்தது. தவறு நிரல்களுடையது என்ற நிலைப்பாட்டிலிருந்து ஓர் அங்குலம் நகரவில்லை. அதே கையோடு, பழைய கோப்பை மாற்றி எழுதும் வழக்கமான இரண்டு முறைகளையும் கோப்பு முறைமையே அடையாளம் கண்டு உடனே எழுதும்படி ஒட்டுநிரலும் தயாரித்திருந்தார். கெர்னல் 2.6.30-இல் அது சேர்ந்தது. வேண்டாதவர்கள் அணைத்துக்கொள்ள ஒரு தேர்வும் வைத்தார்.

*

2018-இல் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளக்காரர்களுக்கு அதே எஃப்சிங்க் வேறு முகம் காட்டியது. எழுதுவது தோற்றால் மறுபடி கேட்டுப் பார்க்கலாம் என்று அவர்கள் நம்பியிருந்தார்கள். லினக்ஸோ, ஒருமுறை தோல்வி என்று சொல்லிவிட்டு அந்தத் தரவு இருந்த நினைவகப் பக்கத்தைச் சுத்தம் என்று குறித்துக்கொள்ளும். இரண்டாம் முறை கேட்டால் ‘எல்லாம் நலம்’. முதலில் கெர்னல் மேல் கோபம். கடைசியில் மாறியது இரு பக்கமும் கொஞ்சம், போஸ்ட்கிரெஸ் அதிகம்: 2019 பிப்ரவரிப் பதிப்புகளிலிருந்து எஃப்சிங்க் தோற்றால் அது தானே விழுந்து, பதிவேட்டிலிருந்து மீண்டு எழும். இருபது ஆண்டுகள் தவறாகப் பயன்படுத்தினோம் என்று அவர்களே மேடையில் சொன்னார்கள்.

*

டெபியன் லினக்ஸ் திட்டத்தில் நீதிமன்றமே இருக்கிறது. தொழில்நுட்பக் குழு என்று பெயர், அதிகபட்சம் எட்டுப் பேர். பராமரிப்பாளர் ஒருவரின் முடிவை அது ரத்து செய்யலாம். ஆனால் மூன்றுக்கு ஒன்று என்ற பெரும்பான்மை வேண்டும் என்று அவர்களுடைய அரசியல் சாசனம் சொல்கிறது. வேலை செய்பவரைச் சாதாரணமாக மீறக் கூடாது என்பது அந்த மூன்றுக்குள் இருக்கும் எண்ணம்.

அங்கே போன வழக்குகளில் ரசமானது ‘நோட்’ என்ற பெயர் யாருக்கு என்பது. அமெச்சூர் வானொலிக்காரர்களின் பழைய நிரலுக்கு அந்தப் பெயர். புதிதாக வந்த நோட்.ஜேஎஸ்ஸுக்கும் அதே பெயர். 2012-இல் குழு சொன்ன தீர்வு: புதியவர் நோட்ஜேஎஸ் என்ற பெயரில் ஓடட்டும், நோட் என்றே கூப்பிட வேண்டும் என்பவர்கள் தனிப் பொட்டலம் ஒன்றை நிறுவிக்கொள்ளட்டும். யாருக்கும் திருப்தியில்லை. உலகம் முழுக்க எழுதப்பட்ட ஸ்கிரிப்டுகள் டெபியனில் உடைந்தன. 2017-இல் அந்தத் தீர்ப்பைக் குழுவே விலக்கிக்கொண்டது. ஐந்து ஆண்டுகளில் வானொலி நிரலைத் தேடுபவர்கள் குறைந்திருந்தார்கள். வழக்கு அமைதியாக முடிந்தது.

ஃபயர்ஃபாக்ஸ் பெயரையும் சின்னத்தையும் பற்றி மொசில்லாவுக்கும் டெபியனுக்கும் 2006-இல் வழு அறிக்கையாகத் தொடங்கிய தகராறில் உலாவி ‘ஐஸ்வீசல்’ ஆனது. திரும்ப ஃபயர்ஃபாக்ஸ் ஆக 2016 வரை ஆயிற்று.

*

பயனர் பக்கமே நியாயம் என்று இதுவரை எழுதிவிட்டேனோ? மறுபக்கத்துக்குக் கர்ல் என்ற தரவுப் பரிமாற்ற நிரல் ஒன்றே போதும்.

கர்லில் ஒரு சின்ன வழு: மறுமுயற்சிக்கு முன் எத்தனை நொடி காத்திருக்க வேண்டும் என்ற எண்ணை மிகமிகப் பெரிதாகக் கொடுத்தால் அளவு மீறி, காத்திருக்கும் நேரம் குறைந்துவிடும். 2019-இல் சரிசெய்து வெளியிட்டும் ஆயிற்று. நான்கு ஆண்டு கழித்து, 2023 ஆகஸ்டில், யாரோ அதற்குப் பாதுகாப்புக் குறைபாடு என்று வாங்கியிருந்த சிவிஇ எண் வெளியானது. அமெரிக்க தேசியத் தரவுத்தளம் அதற்குப் பத்துக்கு 9.8 மதிப்பெண் போட்டது. அதாவது உலகமே தீப்பற்றி எரிகிறது. நிறுவனங்கள் அந்த எண்ணைப் பார்த்துத்தான் அலறும். உள்ளே என்ன இருக்கிறது என்று படிப்பவர் யார்? கர்லின் டேனியல் ஸ்டென்பெர்க் நீக்கச் சொன்னார். நீக்கவில்லை, ‘சர்ச்சைக்குரியது’ என்று ஒரு சொல் சேர்த்தார்கள். மதிப்பெண் பிறகு 3.3 ஆனது. 2024 ஜனவரியில் தங்களுக்கான சிவிஇ எண்களைத் தாங்களே வழங்கும் அதிகாரத்தைக் கர்ல் பெற்றுக்கொண்டது. அடுத்த மாதமே லினக்ஸ் கெர்னலும்.

பிறகு செயற்கை நுண்ணறிவு எழுதித்தரும் பொய் அறிக்கைகள். ஒழுங்கான மொழி, கவலை தோய்ந்த தொனி, இல்லாத செயற்கூற்றின் பெயர். ஒவ்வொன்றையும் ஒரு மனிதர் படித்து, தேடி, பொய் என்று நிரூபிக்க வேண்டும். எழுத ஒரு நிமிடம், மறுக்க ஒரு மாலை. பாதுகாப்பு வழு கண்டுபிடிப்பவர்களுக்காக 2019 முதல் நடத்திய பரிசுத் திட்டத்தைக் கர்ல் 2026 ஜனவரியோடு நிறுத்தியது. இதில் நான் முழுக்கப் பராமரிப்பாளர் பக்கம். நடந்ததே இல்லாத ஒன்றைப் பற்றிச் சமரசம் பேச என்ன இருக்கிறது?

*

தானியங்கி மூடல் பற்றி ஒரு வரி. மாதக்கணக்கில் யாரும் எதுவும் எழுதவில்லை என்பதற்காக ஒரு போட் வந்து வழுவை மூடுவது எண்ணிக்கையைக் குறைக்கும், வழுவைக் குறைக்காது.

*

தமிழ் எழுத்து சம்பந்தமான வழுக்களில் தகராறு வேறு மாதிரி. மூடுபவருக்குத் தமிழ் தெரியாது. ‘கொ’ என்பதை ஒற்றை உயிர்க்குறியோடும் எழுதலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் எழுதலாம். யூனிகோட் இரண்டையும் சமம் என்கிறது, திரையிலும் ஒன்றாகவே தெரியும். நிரல் சமமாக்காமல் தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. அது நிரலின் வழு. ‘ஔ’ என்பதற்குப் பதில் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டியிருந்தாலும் பார்வைக்கு ஏறக்குறைய அதேதான், தேடல் கிடைக்காது. அது தட்டச்சியவரின் பிழை. பெர்லினிலோ போர்ட்லாந்திலோ உட்கார்ந்திருக்கும் பராமரிப்பாளருக்கு இரண்டு புகாரும் ஒரே புகார்தான். ‘எனக்கு வேலை செய்கிறது’ என்று மூடிவிடுவார், அவர்மேல் குற்றம் சொல்ல முடியாது.

ஆகவே பதியும்போது எழுத்துகளின் யூனிகோட் எண்களை வரிசையாகக் கொடுங்கள். இப்போது தெரிவதற்கு ஒரு படம், தெரியவேண்டியதற்கு ஒரு படம், எது எது என்று படத்தின்மேலேயே எழுதி. எழுத்துரு, இயங்குதளம், நிரல், மூன்றின் பதிப்பெண்ணும் வேண்டும். வேறொரு நிரலில் அதே உரை சரியாகத் தெரிகிறதென்றால் அதையும் சொல்லுங்கள். தவறு எழுத்துருவிலா நிரலிலா என்பதில் பாதிச் சந்தேகம் அங்கேயே தீரும். ‘தமிழ் சரியாக வரவில்லை’ என்று மட்டும் எழுதாதீர்கள்.